ஆளி விதையும் அது விளைந்த வானிலையும்



சில வாரங்களுக்கு முன் காலை நிகழ்ச்சி முடியும் தறுவாயில் ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். எண்பது வயதைத் தாண்டியவர், வன்னியில் வயல் செய்தவர். "தம்பி, மருமகள் வாங்கிற பாணிலை மண்ணிறமாய் ஒரு விதை கிடக்கு. எள்ளு மாதிரி மினுங்குது, ஆனா எள்ளில்லை. என்னெண்டு சொல்லும்" என்றார். அது ஆளி விதை, இங்கே 'லின்சீட்' என்றும் 'பிளாக்ஸ்' என்றும் சொல்வார்கள் என்றேன். அவர் விடவில்லை. "எண்ணெய் விதைதானே? எங்கை விளைஞ்சது? எள்ளு முத்தேக்கை மழை பிடிச்சா செக்கிலை எண்ணெய் குறையும். இதுக்கு எப்பிடி?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் வணிகம் படித்துக் கணக்கெழுதிப் பிழைப்பவன். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. அதன் பின்னால் போனபோது, நாம் வந்து குடியேறிய இந்த நாட்டின் வரலாற்றோடு அந்தச் சின்ன விதை எவ்வளவு பின்னிக் கிடக்கிறது என்று கண்டேன். அதையே இம்மாத உரையாகத் தருகிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 1774இல் கப்டன் குக் நோர்போக் தீவில் 'பிளாக்ஸ்' செழித்து வளர்வதைக் கண்டார். கப்பலுக்குப் பாயும் கயிறும் வேண்டிய பிரித்தானியக் கடற்படைக்கு அது பெரிய செய்தி. 1788இல் சிட்னியில் குடியேற்றம் தொடங்கிய சில வாரங்களிலேயே பிலிப் கிட்லி கிங் என்ற அதிகாரி ஒரு சிறு கூட்டத்துடன் நோர்போக் தீவுக்கு அனுப்பப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் குக் கண்டது ஆளிச் செடி அன்று. நியூசிலாந்தின் மவோரி மக்கள் நார் எடுக்கும் வாள் போன்ற இலையுள்ள வேறொரு தாவரம் அது. அதில் நார் எடுக்கும் விதம் தீவில் யாருக்கும் தெரியவில்லை. எனவே 1793இல் நியூசிலாந்துக் கரையிலிருந்து தூக்கி, ஹூரு என்ற இரண்டு மவோரி ஆண்களைப் பிடித்துக் கப்பலில் கொண்டுவந்தார்கள். வந்தவர்களால் அதிகம் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. ஏனென்றால் அவர்களுடைய ஊரில் நார் எடுப்பது பெண்களின் வேலை. சில மாதங்களின் பின் கிங் அவர்களைத் தாமே திரும்பக் கொண்டுபோய் விட்டார். தெரிந்தவர்களை விட்டுவிட்டுத் தெரியாதவர்களைப் பிடித்துக் கேட்ட இந்தக் கதையை மனதில் வைத்திருங்கள். முடிவில் அதற்குத் திரும்புவேன்.

உண்மையான ஆளிச் செடி இடுப்பளவு உயரம், மெல்லிய தண்டு, நீல நிறப் பூ. காலையில் மலர்ந்து மதியத்துக்குள் இதழ் உதிரும். மிளகைவிடச் சற்றுப் பெரிய காய்க்குள் பத்து விதை வரை இருக்கும். ஒரே இனத்தில் இரண்டு வகை உண்டு. நாருக்கான வகையை நெருக்கமாக விதைத்து, விதை நன்றாக முற்றுமுன் பிடுங்குவார்கள். எண்ணெய்க்கான வகையை ஐதாக விதைத்துக் காயும் வரை நிலத்தில் விடுவார்கள். விக்ரோறியாவில் நார் வகைக்குப் பெருங்காலம் வந்தது இரண்டாம் உலகப்போரில். 1940இல் பெல்ஜியமும் பிரான்சும் ஜேர்மனியிடம் வீழ்ந்தபோது பிரித்தானியாவுக்கு நார் வருவது தடைப்பட்டது. விமானத் துணி, பரசூட் வார், தீயணைப்புக் குழாய் எல்லாவற்றுக்கும் அந்த நார் வேண்டும். அவுஸ்திரேலியாவில் பயிரிடும்படி கேட்டார்கள். ட்ரூயின், கொலாக், கொறொயிற், லேக் போலாக் போன்ற ஊர்களில் ஆலைகள் இயங்கின. ஆண்கள் போர்முனைக்குப் போனதால் ஆளி அறுவடையில் பெண்கள் நிலப்படையினரும் இறங்கினார்கள்.

எண்ணெய் வகையின் கதை சிட்னியில் நம்மவர் நிறைந்த பரமட்டாவோடு தொடர்புடையது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில் மெகிற் என்ற நிறுவனம் அங்கே ஆளி எண்ணெய் ஆலை நடத்தியது. எண்ணெய் பெயின்றுக்குப் போனது, புண்ணாக்கு மாட்டுக்குப் போனது. அக்காலப் பெயின்ற் என்றாலே ஆளி எண்ணெயில் நிறப்பொடி குழைத்ததுதான். பழைய மெல்பேண் வீடுகளின் சமையலறைத் தரையில் விரித்திருந்த 'லினோலியம்' கூட, 1860களில் இங்கிலாந்தில் பிரெடெரிக் வால்டன் ஆளி எண்ணெயைக் காயவைத்துச் செய்த பொருள். பெயரிலேயே ஆளியும் எண்ணெயும் இருக்கின்றன. நம்மில் ஊரில் கிறிக்கெற் விளையாடியவர்களுக்கும் அது புதிதன்று. புது மட்டை வாங்கினால் லின்சீட் எண்ணெய் பூசிக் காயவைத்த நினைவு இருக்கும். (அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. விரித்து வெளியில் உலர்த்துங்கள்.)

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். எங்கே விளைந்தது என்பது எண்ணெயை மாற்றுமா?

மாற்றும் என்பதை விஞ்ஞானிகளுக்கு முன்பே வியாபாரிகள் அறிந்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டு லண்டன் சந்தைக்கு ரஷ்யாவின் பால்ட்டிக் கரையிலிருந்தும், கல்கத்தா, பம்பாய் துறைமுகங்களிலிருந்தும், பின்னர் ஆர்ஜென்ரீனாவிலிருந்தும் ஆளி விதை வந்தது. பெயின்ற் செய்வோர் பால்ட்டிக் எண்ணெய்க்கே முதலிடம் கொடுத்தார்கள். அது விரைவாகவும் கெட்டியாகவும் காய்ந்தது. ஏன் என்பதை எண்ணில் சொல்ல வழி கண்டவர் வியன்னாவைச் சேர்ந்த ஹூபில். 1884இல் அவர் வெளியிட்ட சோதனைதான் 'அயடீன் எண்'. நூறு கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயடீனைப் பிடித்துக்கொள்கிறது என்று பார்ப்பது. எண் கூடினால் எண்ணெய் காற்றோடு சேர்ந்து எளிதில் காயும், குளிரிலும் உறையாது. தேங்காயெண்ணெயின் எண் பத்தை ஒட்டியிருக்கும். நமது நல்லெண்ணெய் 110 அளவில் நிற்கும். ஆளி எண்ணெய் 170இலிருந்து 200 வரை போகும். பால்ட்டிக் எண்ணெய் அதன் மேல்முனையில் இருந்தது. இந்திய, ஆர்ஜென்ரீன எண்ணெய்கள் சற்றுக் கீழே இருந்தன. வணிகம் படித்தவன் என்ற முறையில் இந்த எண் எனக்குப் பிடித்திருக்கிறது. வாய்ச்சொல்லாக இருந்த தரம் அன்றிலிருந்து பேரேட்டில் எழுதக்கூடியதாயிற்று.

பின்னர் ரஷ்ய அறிஞர் இவானோவ் வெவ்வேறு இடங்களில் விளைந்த ஆளியைச் சோதித்து, வடக்கே குளிர்ப் பகுதிக்குப் போகப்போக அயடீன் எண் ஏறுவதைக் காட்டினார். இந்தியாவில் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் கேப்ரியேல் ஹவார்டும் உடனிருந்தோரும் 1920களில் இந்திய ஆளி வகைகளைத் தரம் பிரித்தார்கள். கரிசல் மண்ணில் விளைவது ஆழ வேரோடிப் பெரிய விதை தருவது, கங்கைச் சமவெளியில் விளைவது மேலோட்டமாக வேர்விட்டுச் சிறு விதை தருவது என்று கண்டார்கள். 1943இல் அமெரிக்க விவசாயத் திணைக்களம் டில்மன், ஹொப்பர் என்ற இருவரின் நீண்ட ஆய்வை வெளியிட்டது. அதன் தலைப்பே காலநிலையானது ஆளியின் விளைச்சலையும் எண்ணெய் அளவையும் அயடீன் எண்ணையும் எப்படிப் பாதிக்கிறது என்பதுதான். விடை சுருக்கமானது. விதை முற்றும் நாட்களில் குளிர்ச்சியும் ஈரமும் இருந்தால் எண்ணெயும் கூடும், அதன் தரமும் ஏறும். வெப்பமும் வரட்சியும் வந்தால் இரண்டும் இறங்கும்.

எப்படி இது நடக்கிறது? பூ உதிர்ந்து ஒரு வாரம் பத்து நாள் வரை விதை தோலையும் உருவத்தையும் அமைத்துக்கொள்கிறது. அதன் பின் வரும் மூன்று வாரங்களில்தான் எண்ணெயின் பெரும்பகுதி சேர்கிறது. அந்த மூன்று வாரங்களே பயிரின் வருமான காலம். இலைகள் வெயிலில் செய்த சர்க்கரை விதைக்குள் வந்து எண்ணெயாகிறது. வெப்பம் கடுமையானால் செடி அவசரப்படுகிறது. நாட்கள் குறைகின்றன. விதை நிரம்புமுன் காய்ந்துவிடுகிறது. தண்ணீர் போதாவிட்டாலும் இதே கதை. பசளையிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. நைதரசனை அளவுக்கு மிஞ்சிப் போட்டால் விதையில் புரதம் கூடும், அந்த அளவுக்கு எண்ணெய் குறையும்.

எண்ணெயின் குணம் மாறுவதற்கு இன்னொரு காரணம். மெல்பேணின் யூலை மாதத்தில் உங்கள் குளியலறைத் தேங்காயெண்ணெய்ப் போத்தலைப் பாருங்கள், வெண்மெழுகாக உறைந்திருக்கும். பக்கத்தில் நல்லெண்ணெய் தெளிவாக நிற்கும். தேங்காயெண்ணெய் 24 பாகையை ஒட்டியே உறையத் தொடங்குகிறது. தென்னை வளரும் நாட்டில் அந்தக் குளிர் பெரும்பாலும் வராது, ஆகையால் அதற்குக் கவலையில்லை. ஆளியோ குளிர்நாட்டிலும் வாழவேண்டிய செடி. அதன் எண்ணெய் உறைநிலைக்கு 20 பாகை கீழே போன பின்னும் உறைவதில்லை. குளிர் கூடினால் செடி தன் எண்ணெயில் லினோலெனிக் அமிலம் என்ற இளகிய பகுதியைக் கூட்டிக்கொள்கிறது. வெப்பம் கூடினால் அதைக் குறைத்து ஒலெயிக் அமிலத்தைக் கூட்டுகிறது. ஆளி எண்ணெயில் பொதுவாகப் பாதியளவோ அதற்கு மேலோ உள்ள இந்த லினோலெனிக் அமிலத்தைத்தான் இன்று கடைகளில் 'ஒமேகா-3' என்று எழுதி விற்கிறார்கள்.

விதையில் எண்ணெய் 35 வீதத்திலிருந்து 45 வீதத்துக்கு மேலும் போகும். கனடாவின் குளிர்ச் சமவெளி விதை சராசரியாக 45 வீதத்தை ஒட்டி நிற்கும். கணக்குப் பாருங்கள். 45 வீத விதை ஒரு தொன்னில் 450 கிலோ எண்ணெய் இருக்கும். 38 வீத விதையில் 380 கிலோதான். எடை ஒன்று, சாக்கு ஒன்று, வண்டிக்கூலி ஒன்று. ஆனால் 70 கிலோ எண்ணெய் வானிலையோடு போய்விட்டது.

இந்தக் கண்டத்தில் ஆளி விதைப்பவருக்குச் சிக்கல் இதுதான். ஐரோப்பாவிலும் கனடாவிலும் வசந்தத்தில் விதைத்துக் கோடையில் அறுப்பார்கள். அவர்களின் கோடை மிதமானது, பகல் நீளமானது. இங்கே அப்படிச் செய்தால் விதை நிரம்பும் நாளில் வடகாற்று அடிக்கும். ஆகையால் இங்கு மழைக்காலத் தொடக்கத்தில், மே, யூன் மாதங்களை ஒட்டி விதைத்து, கோடை உச்சத்துக்கு முன் அறுக்கிறார்கள். போருக்குப் பின் எண்ணெய் ஆளி குயின்ஸ்லாந்தின் டார்லிங் டவுன்ஸ், நியூ சவுத் வேல்சின் வடபகுதி, விக்ரோறியாவின் மேற்கு மாவட்டங்கள் என்று பரவியபோது விவசாயிகள் இந்தக் காலக்கணக்கைப் பிடித்துக்கொண்டார்கள். நான் பிடிக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆங்கிலத் தோட்டப் புத்தகத்தில் 'வசந்தத்தில் விதைக்கவும்' என்றிருந்ததைப் படித்து, செப்ரெம்பர் கடைசியில் வீட்டின் பின்வளவில் ஒரு பாத்தி ஆளி போட்டேன். நீலப் பூக்களை அயலவர்கள் வந்து பார்த்தார்கள். டிசெம்பரில் வெயில் ஏறியது. கையில் எடுத்து ஊதினால் பாதி பறந்தது. பதர். புத்தகத்தில் பிழையில்லை, அது வேறு வானத்துக்கு எழுதிய புத்தகம்.

1950களிலிருந்து தண்ணீரில் கரையும் பெயின்ற் பரவ, ஆளி எண்ணெய்க்கான தேவை சுருங்கியது. இந்தப் பயிரைச் சமையல் எண்ணெயாக மாற்றினால் என்ன என்று கன்பராவில் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவன ஆராய்ச்சியாளர் அலன் கிறீன் முயன்றார். சமையலுக்கு இடைஞ்சலாக இருந்தது அந்த லினோலெனிக் அமிலம்தான். அது காற்றுப் பட்டதும் காறிப் பெயின்ற் வாடை வீசும். கிறீனும் மார்ஷலும் 'கிளெனெல்க்' என்ற அவுஸ்திரேலிய வகை விதையில் மாறுதல் உண்டாக்கி, லினோலெனிக் குறைந்த இரண்டு செடிகளைக் கண்டெடுத்து 1984இல் அறிவித்தார்கள். அவை இரண்டையும் கலந்தபோது, 2 வீதத்தை ஒட்டிய அளவே லினோலெனிக் உள்ள ஆளி பிறந்தது. 1986இல் விதை முற்றும்போதுள்ள வெப்பநிலை இத்தகைய ஆளியின் எண்ணெயை எப்படி மாற்றுகிறது என்பதையும் கிறீன் ஆராய்ந்து வெளியிட்டார். லினோலெனிக் அமிலத்தை ஆக்கும் இரண்டு மரபணுக்கள் எவை என்பதைக் கனேடிய ஆய்வாளர்கள் 2005இல் காட்டினார்கள். அந்த இரண்டும் செயலிழந்தால் எந்தக் குளிராலும் அந்த அமிலத்தைப் பழைய அளவுக்கு மீட்க முடியாது.

இந்தப் புதுப் பயிருக்கு 'லினோலா' என்று பெயர். சாதாரண மண்ணிற ஆளியோடு கலந்துவிடாதிருக்க விதையை மஞ்சள் நிறமாக்கினார்கள். கனடாவில் 1993இல் அது பதிவாகி வயலுக்கு வந்தது. கன்பராவில் பிறந்த விதை கனடாவில் குடியேறிற்று என்று பெருமைப்படலாம். ஆனால் அதே காலத்தில் வேறொரு காற்று வீசத் தொடங்கியது. ஒமேகா-3 இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு எழுந்தது. சோயாவும் லின்சீடும் கலந்த பாண் அவுஸ்திரேலியச் சுப்பர்மார்க்கெற்றுகளில் இடம்பிடித்தது. எதைக் குறை என்று நீக்கினார்களோ அதையே மக்கள் காசு கொடுத்துத் தேடினார்கள். சமையல் எண்ணெய்ச் சந்தையைக் கனோலா பிடித்துக்கொண்டது. 2010களில் லினோலா வணிகப் பயிராக மறைந்துபோனது. செலவுப் பக்கத்தில் எழுதிய ஒன்று இருபது ஆண்டில் வரவுப் பக்கத்துக்கு மாறுவதை நான் கணக்குப் புத்தகங்களில் கண்டிருக்கிறேன். ஒரு விதையின் வரலாற்றில் கண்டது இதுவே முதல் தடவை. கிறீனின் உழைப்பை நான் வீண் என்று சொல்லமாட்டேன். ஆளி எண்ணெய் எப்படி உண்டாகிறது என்று இன்று நமக்குத் தெரிவதில் அந்த உழைப்புக்குப் பெரும் பங்குண்டு.

நேயர்களுக்குப் பயன்படும் சில குறிப்புகள். இங்கே ஆளி இன்று சிறு பயிர், கடையில் உள்ளது பிறநாட்டு விதையாகவும் இருக்கலாம், பொதியில் எந்த நாடு என்று பாருங்கள். அதில் எழுதியுள்ள ஒமேகா-3 அளவு ஒரு சராசரி, ஆண்டுக்கு ஆண்டு வானிலையோடு மாறும். முழு விதையாக உண்டால் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும், அரைத்து உண்ணுங்கள். அரைத்ததையும் எண்ணெயையும் குளிர்ப்பெட்டியில் வைத்து விரைவில் முடியுங்கள். பொரிக்க அது உதவாது. மட்டைக்குப் பூசும் எண்ணெயை ஒருபோதும் உணவில் சேர்க்காதீர்கள். மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்டே தொடங்குங்கள்.

அந்த அம்மாவை மீண்டும் அழைத்து இதையெல்லாம் சொன்னேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, "அப்ப நாங்கள் எள்ளிலை கண்டதும் சரிதான்" என்றார். பிறகு அரை மணிநேரம் அவரே பேசினார். சிறுபோகத்தில் எந்த நிலத்தில் எள்ளுப் போடுவது, எப்போது பிடுங்கிக் குத்தாக அடுக்குவது, எந்த ஆண்டு எள்ளு செக்கில் எண்ணெய் விட்டது, எந்த ஆண்டு விடவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். டில்மனும் ஹொப்பரும் அளந்து எழுதியதைப் போன்ற ஒரு நூல் அவரிடம் இருக்கிறது, ஆனால் ஒரு வரியும் எழுதப்படவில்லை. இடம்பெயர்ந்தபோது விதைச் சாக்கைத் தூக்கிவர முடியவில்லை, தலைக்குள் இருந்ததை மட்டும் கொண்டுவந்தார்.

தூக்கியையும் ஹூருவையும் பிடித்துக் கேட்டவர்களைப் போல நாமும் கேட்கவேண்டியவரை விட்டுவிட்டு வேறெங்கோ தேடக்கூடாது. உங்கள் வீட்டில் வயல் செய்த, தோட்டம் செய்த, செக்கடிக்குப் போன முதியவர்கள் இருந்தால், பேரப்பிள்ளைகளைக் கொண்டு அவர்களின் பேச்சைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, எந்த மாதம் என்று கேளுங்கள். அளவையும் கேளுங்கள். பதிவை நமது வானொலிக்குக் கொண்டுவாருங்கள், ஒலிபரப்புவது எங்கள் பொறுப்பு. அந்த அம்மாவின் பேச்சை அடுத்த மாதம் முதலாவதாகக் கேட்கலாம்.